எட்ட நின்று துணை செய்தல்

மதில் வளைத்துப் போரிடும் உழிஞையை மருதத்திற்குப் புறனாக வகுத்தார் தொல்காப்பியர். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் மருத நிலமான சீவலப்பேரியில் நாமும் மாணவர் சிலரும் கணினியில் ஆடிவரும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ (2009) ஓர் உழிஞைப் போரே. அணிக்கு ஐவர், காவற்கோபுரங்களைத் தகர்த்து எதிரணியின் கருவறையை அழித்தவர் வெல்வர்.

இதில் நாம் ஏற்பது எவரும் கேட்டுப் பெறாத துணைவர் பணி. ஆடுவது லக்ஸ் (2010) என்னும் மந்திரக்காரியை. அவளது ஒளிக்கோளம் 1100 அலகு எட்டும். வில்லாளிகள் பெரும்பாலோரின் எட்டு 650ஐத் தாண்டாது. அந்த இடைவெளியே அவளுக்கு அரண். தீண்டிவிட்டு விலகுவாள். உயிர் தேய்ந்த எதிரி பின்வாங்க, நம் வில்லாளி தடையின்றிப் பொன் சேர்ப்பான். துணைவருக்குரிய ‘வேர்ல்ட் அட்லஸ்’ எதிரியைத் தாக்குகையில் அவளுக்கும் சிறிது பொன் தரும். ‘ஆர்க்கேன் காமெட்’ ரூன் அடிக்கு வலுச் சேர்க்கும்.

இருவரைக் கட்டிப்போடும் ஒளியை மட்டும் வீசாமல் வைத்திருக்க வேண்டும். அது குறி தவறினால், உடல் மெலிந்த அவள்மீது எதிரிகள் பாய்வர்.

கடினமானது வேறொன்று. வீழும் தறுவாயிலுள்ள எதிரியைத் தானே கொல்லாது, 300 பொன்னுக்குரிய இறுதி அடியை வில்லாளிக்கு விடவேண்டும். மாணவர்க்கு இவ்விளையாட்டில் நாம் சொல்லித்தர விரும்புவது அந்த ஒன்றைத்தான்.