உனக்கென்ன மச்சி, ஞாயித்துக்கிழமை இருக்கு!

போன செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப். வென்சுரிமீட்டர் எக்ஸ்பெரிமென்ட். அன்னைக்கு நான் லேபுக்கே போகலை. ரூம்மேட்டோட அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து ரீடிங்ஸ் எல்லாம் அப்படியே எழுதிட்டேன். அவன் ஒரு இடத்தில் சென்டிமீட்டரை மீட்டருக்கு மாற்ற மறந்திருந்தான். அந்தத் தப்பையும் சேர்த்தே எழுதினேன். கோஎஃபிஷியன்ட் 0.97 வர வேண்டிய இடத்தில் ரெண்டு பேருக்கும் 0.097. ரெக்கார்டு எழுதுற உங்களுக்கு மிச்சக் கதை புரிஞ்சிருக்கும்.

"யாரைப் பார்த்து யார் எழுதினது?" என்று சார் கேட்டார். நான் முதல் பெஞ்ச். அவனுக்கு ரெண்டு அரியர். பதில் வருவதற்குள் சாரே முடிவு பண்ணிட்டார். அவனுக்கு மார்க் பாதியாச்சு. நான் வாயைத் திறக்கலை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கலை.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். எங்கள் பகுதியில் இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாக வந்த சபைகள் உண்டு. மனுஷன் நல்லது செய்து சம்பாதிப்பது இல்லை, இரட்சிப்பு முழுக்க முழுக்க கிருபை என்று அடித்துச் சொல்கிற மரபு அது. அன்று திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்கினேன். மனசு லேசாச்சு.

திங்கள் இரவு ஹாஸ்டலில் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "உனக்கென்ன மச்சி, ஞாயித்துக்கிழமை இருக்கு. போய் மன்னிப்பு வாங்கிட்டு வந்துடுவ."

கிறிஸ்தவர்களைப் பார்த்து நீங்களும் இதைக் கேட்டிருக்கலாம். கேள்வி புதுசு இல்லை. பாவம் பெருகினால் கிருபையும் பெருகும் என்றால் இன்னும் கொஞ்சம் பாவம் செய்யலாமே என்று ஒருவர் கேட்பார் எனப் பவுலே எதிர்பார்த்து, ரோமர் 6-ஆம் அதிகாரத்தை அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார். கூடவே கூடாது என்பது அவர் பதில். ஆனால் அடுத்த அதிகாரத்தில், விரும்புகிற நல்லதைச் செய்ய முடியாமல் வெறுக்கிற கெட்டதைச் செய்கிறேன் என்று புலம்பவும் செய்கிறார். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்தான் என்றார் லூத்தர். அதெல்லாம் எனக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். ரூம்மேட்டுக்கு இதைச் சொல்லியிருந்தால் நல்ல எஸ்கேப் என்றிருப்பான். சரியாகவும் சொல்லியிருப்பான்.

என்னை உறுத்தியது வேறொன்று. முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மூணாம் நாள் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் மலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அங்கேயே மிஷனரியாக இருந்து 1929-இல் காய்ச்சலில் இறந்தார். மகன் வேலூர் சிஎம்சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். தொழுநோய் விரல்களைத் தானாக அழுகவைப்பதில்லை என்று விளக்கியவர் அவர். நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை. சுடுகிற பாத்திரத்தை விடாமல் பிடிப்பார்கள், ஆணி குத்தினாலும் நடப்பார்கள். காயத்து மேல் காயம் பட்டுத்தான் விரல் தேய்ந்துபோகிறது. அம்மாயி இவர் கதையைச் சொல்லும்போதெல்லாம் பெருமைக்காகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பயமாக இருந்தது. திருவிருந்தை நான் மரத்துப்போகிற ஊசியாகப் போட்டுக்கொண்டேனா?

பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டேன். பெரிய பிரசங்கம் வரும் என்று நினைத்தேன். "சகேயு கதையை இன்னொரு தடவை படிங்க தம்பி, எது முதல்ல நடக்குதுன்னு பாருங்க" என்று வைத்துவிட்டார். படித்தேன். வரிக்காரன் சகேயு திருந்தின பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. வருகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறார். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது அதற்கப்புறம்தான். அந்த நாலு மடங்கு மன்னிப்புக்கான ஃபீஸ் இல்லை. மன்னிப்பு வந்துவிட்டதால் இனி ஒளித்துவைக்கத் தேவையில்லை என்கிற தைரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்கோ மன்னிப்பு வந்த பிறகும் ஒளித்துவைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை சாரிடம் சொன்னேன். என் மார்க் பாதியாச்சு. காப்பியடிக்கக் கொடுத்ததும் தப்புதான் என்று அவனுடையதை அவர் திருத்தவில்லை.

அவனிடம் சொன்னபோது கோபம்தான் வந்தது. "எனக்கு என்னடா கிடைச்சுது? உன் மனசு ஆறணும்னுதானே போன?" பாதி உண்மை. மறுக்க முடியலை. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான். அவன் நாமக்கல், தாத்தா தென்கலை வைஷ்ணவர். "எங்க வீட்லயும் இந்தச் சண்டை இருக்குடா. குரங்குக்குட்டி தாயைப் பிடிச்சுக்கணும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கும். நாங்க பூனைக் கட்சி. கன்னுக்குட்டி மேல இருக்கிற அழுக்கைப் பசு நக்கியே எடுக்கும்னு தாத்தா சொல்வார். அதுக்காகக் கன்னு போய்ச் சேத்துல புரளுமா?"

"புரளும்டா, இந்தா நான் இருக்கேன்ல," என்றேன்.

சிரிக்கலை. "அந்த 0.097 எப்படி வந்துச்சுன்னு இப்பவாவது சொல்லிக்கொடு" என்று நோட்டைத் தள்ளினான். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மூணு எக்ஸ்பெரிமென்ட் போட்டோம்.