குழாயடியில் நின்றது வசம்பா?

எங்கள் திருநகர் வீட்டுக் குழாயடியில் பல வருஷமாக ஒரு செடி நிற்கிறது. முழங்கால் உயரம்கூடக் கிடையாது. வாள் மாதிரி இலைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி, விசிறி விரித்ததுபோல இருக்கும். நாகர்கோவில்காரரான அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்தது. பெயர் அவருக்கும் தெரியாது. பூத்ததே இல்லை.

குளிர் நாட்டிலிருக்கும் என் மகன் படத்தைப் பார்த்து, "அப்பா, இது குட்டை ஐரிஸ்" என்றான். அங்கே விற்கும் குட்டை ஐரிஸ் பூக்க நல்ல குளிர் வேண்டும். மார்கழியிலும் ஃபேன் போடும் மதுரையில் அதற்கு என்ன வேலை?

பக்கத்து வீட்டம்மாவுக்குப் பேரன் பிறந்தபிறகுதான் பெயர் அவசரமானது. "அண்ணே, உங்க வீட்ல வசம்பு நல்லா நிக்குதே, ஒரு துண்டு தோண்டிக்கிறவா? பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகுது" என்றார். பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது என்றெல்லாம் நாம் சொல்லும் அதே வசம்பு. சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். (டாக்டர்கள் இப்போது அதையே வேண்டாம் என்கிறார்கள்.)

இலையைக் கசக்கி இருவரும் முகர்ந்தோம். வசம்பென்றால் வாசம் கையை விட்டுப் போகாது. இதில் வெறும் புல் வாடை. வசம்பு இலையின் நடுவில் தடித்த நரம்பு ஓடும், அதுவும் இல்லை. மகன் சொன்னது பாதி சரியாக இருந்தால்கூட ஆபத்து. ஐரிஸ் கிழங்குகள் பலவும் வாந்தி, பேதி உண்டாக்கும். "என்னன்னு தெரியாம கொடுக்க வேணாம்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். அவருக்கு மனசே இல்லை.

ஆவணி மழைக்குப் பின் அதிசயமாகத் தண்டு விட்டது. ஆரஞ்சு நிறப் பூ, ஆறு இதழ், மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. காலையில் விரிந்து, சாயங்காலம் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டது. மகரந்தத் தாள்களை எண்ணினேன்: மூன்று. லில்லிகளுக்கு ஆறு இருக்கும். மூன்றென்றால் ஐரிஸ் குடும்பம். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: பிளாக்பெர்ரி லில்லி. பெயரில்தான் லில்லி. மகன் நினைத்த குட்டை ஐரிஸ் இல்லை, ஆனால் ஐரிஸ்தான். வெயில் தாங்குகிற ஐரிஸ்.

இதன் பழைய தாவரவியல் பெயர் பெலம்கண்டா. டச்சு அதிகாரி வான் ரீட் மலபார்ச் செடிகளைத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸில் இருக்கும் மலையாளப் பெயர் அது. லின்னேயஸ் 1753-ல் இதை ஓரிடத்தில் ஆர்க்கிட்களோடு சேர்த்தார், இன்னோரிடத்தில் வேறு இனமாக எழுதினார். மரபணு ஆய்வுக்குப் பின் 2005-ல்தான் ஐரிஸ் டொமெஸ்டிகா ஆனது. லின்னேயஸே ஆர்க்கிட் என்றபோது பக்கத்து வீட்டம்மா வசம்பு என்றதில் என்ன குறை?

பேரனுக்கு வயிற்றில் வெறும் காற்றுதானாம். பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டச் சொன்னார்களாம். காய் வெடித்து, பளபளவென்று கறுப்பு விதைகள் கொத்தாகத் தெரிகின்றன. அந்தம்மா நாலு விதை கேட்டிருக்கிறார், தொட்டியில் போட.