ஊர்க்காற்று

2022 தை மாதம் பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கொரட்டூர்க்காரர். அவருக்கும் அப்பா வயதுதான், அதே இடது பக்கம்தான். வீட்டுக்கு அனுப்பிய அன்று இரண்டு பேருமே கம்பியைப் பிடித்துப் பத்தடி நடந்தார்கள்.

"முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம் சார், பயிற்சிய விட்டுடாதீங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். மூளையில் செத்துப்போன பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் வேகமாகக் கற்றுக்கொள்வது அப்போதுதானாம். அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால்தான்.

மண்ணூர்பேட்டையில் எங்களுடையது மாடி வீடு, செங்குத்தான படி. எனக்கோ தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பாடி, திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி தாண்டினால் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருப்பதும் தெரியும். வாரம் மூன்று நாள் அலைய எனக்கு மனம் வரவில்லை. "ஊர்க்காத்து பட்டா எழுந்துடுவாரு" என்று எல்லோரிடமும் சொல்லி, வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊருக்கு, அம்மாவிடம் அனுப்பிவிட்டேன்.

ஊரில் காற்றுக்குக் குறைவில்லை. கழிப்பறைதான் தோட்டத்துக் கோடியில், குந்தி உட்காருகிற மாதிரி. அப்பாவால் குந்த முடியாது. எல்லாம் கட்டிலிலேயே ஆனது. இறங்கி நடக்கக் காரணமே இல்லாமல் போயிற்று. உறவுக்காரர்கள் புறா ரத்தம் தேய்த்தார்கள். ஒருவர் உருவிவிடுகிறேன் என்று கையை இழுத்ததில் தோள் இறங்கி, ராத்திரியெல்லாம் வலி. வீடு தேடி வந்து பயிற்சி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், நான்காவது மாதம்தான் சொன்னேன். அதற்குள் விரல்கள் மடங்கி இறுகிவிட்டன.

அமெரிக்காவிலும் இப்படி உள்நோயாளிப் பயிற்சி முடித்தவர்கள் தேறுவது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்று பின்னால் படித்தேன். அங்கே எதனால் என்று நான் ஆராயவில்லை. இங்கே எதனால் என்று தெரியும்.

ஆறாவது மாதம் செக்கப். கொரட்டூர்க்காரர் கோலை ஊன்றித் தானே நடந்து வந்தார். வாரம் மூன்று நாள் மகள் ஆட்டோவில் பயிற்சிக்குக் கூட்டிப் போனாளாம். சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்பாவ எங்க வச்சிருந்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க ஊருக்குப் போயே ஆவணும்னு அடம் புடிச்சேன்."