நான்கு மாதத் தாமதம்

2020 ஜனவரியில் வேலை விசாவில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தோம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகனுக்குப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டணக் கடிதம் அவனை வெளிநாட்டு மாணவன் என்று குறித்திருந்தது.

உள்நாட்டுக் கட்டணத்திற்கு மூன்றாண்டு வசிப்பு மட்டும் எங்களைப் போன்றோருக்குப் போதாது. கல்வியாண்டு தொடங்கும் செப்டம்பர் 1 அன்று நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கோ ஐந்தாண்டு நிறைவது 2025 ஜனவரியில். படிப்பின் நடுவே அனுமதி கிடைத்தாலும் கட்டணம் மாறாது. இதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உள்நாட்டு மாணவருக்கு அப்போது ஆண்டுக்கு 9,250 பவுண்டு உச்சவரம்பு. எங்களிடம் கேட்டது ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஊரில் உள்ள வீட்டை அடகு வைத்து வட்டிக்கு வாங்கலாம் என்றனர் உறவினர். நிர்ப்பந்தம்தானே என்று எங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளவும் முயன்றோம், மறைப்பதற்கில்லை. ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் அவன்தான், "வட்டி வேணாம் வாப்பா. ஒரு வருஷம் வேலைக்குப் போறேன்" என்றான்.

சேர்க்கையைத் தள்ளிவைத்தோம். நண்பர்கள் கல்லூரி சென்ற செப்டம்பரில் அவன் ஒரு கிடங்கில் இரவுப் பணிக்குச் சென்றான். விடியலில் சோர்ந்து திரும்பும் பிள்ளைக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் கண்கள் கலங்கின.

2025 செப்டம்பரில் சேர்ந்தான். கட்டணம் 9,535 பவுண்டு. அதில் பெரும்பகுதி அவன் உழைத்துச் சேர்த்தது.