டீச்சர் என்று கூப்பிட்டார்கள்

ஆன்லைன் கல்வி கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், நான் கம்ப்யூட்டரில் பாடம் நடத்தப்போகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். எம்.எஸ்சி. கணிதம், அதன் மேல் பி.எட். படித்தவளைப் பற்றி வேறென்ன நினைப்பார்கள்? அப்பா தெரு முழுக்க அப்படியே சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை. ஆஃபர் லெட்டரில் ‘அகாடெமிக் கவுன்சலர்’ என்று போட்டிருந்தது. பார்த்தது விற்பனை வேலை.

எங்கள் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் மாதம் 9,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். பெங்களூருக் கம்பெனி அதைப்போல மூன்று மடங்கு தந்தது, இன்சென்டிவ் தனி. அந்த வேலைக்கு ஏன் போனேன் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அங்கே போய் நான் செய்ததற்கு இதைக் காரணமாகக் காட்ட முடியாது.

நான் சேர்ந்தது 2021இல். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியைவிட்டு வந்தவர்கள், மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். பிள்ளை எழுத்துக்கூட்டக்கூட மறந்துவிட்டதோ என்று பெற்றோர் பயந்துகிடந்த காலம். அந்தப் பயத்தை நாங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் எங்கள் டார்கெட் போடப்பட்டது அதை நம்பித்தான்.

லீட் என்றால் ஒரு ஃபோன் நம்பர். ‘இலவசத் திறனறித் தேர்வு’ என்ற ஃபேஸ்புக் விளம்பரத்தைத் தொட்டு, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் நிரப்பிய ஏதோ ஒரு அம்மாவின் நம்பர். டயலர் அதை அழைத்துக் கொடுக்கும். நான் எத்தனை நிமிடம் பேசினேன் என்பது டீம் லீடரின் (டி.எல்.) திரையில் ஓடும். வாரம் முழுக்கப் பேசி ஞாயிற்றுக்கிழமைக்கு டெமோ பிடிக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் உட்கார்ந்தால்தான் டெமோ. ஒருவர் வெளியூர் என்றால் வேறு தேதி. பிள்ளையின் படிப்பில் இரண்டு பேருக்கும் பங்கு வேண்டுமல்லவா என்று அவர்களிடம் சொல்வோம். ‘அவரைக் கேட்டுச் சொல்றேங்க’ என்று யாரும் நழுவிவிடக் கூடாது, விஷயம் அவ்வளவுதான்.

மற்றவர்கள் கம்பெனி கொடுத்த கேள்வித்தாளோடு தடுமாறுவார்கள். எனக்கு பி.எட். கைகொடுத்தது. எந்த வகுப்புப் பிள்ளை எந்த இடத்தில் இடறும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்வேன். பகுதி வேறான பின்னங்களைக் கூட்டும் பாடம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் நடந்திருக்காது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று சொல்லும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறு இது. முழு எண்ணில் பழகியதைப் பின்னத்திலும் செய்து பார்க்கிறார்கள். ஒரு காகிதத்தை மடித்துக் காட்டி, “அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையைவிடக் கம்மி ஆயிடுமா கண்ணு?” என்று கேட்டால் போதும். பிள்ளையே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். இதைச் செய்வதற்குத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள்.

நான் காகிதத்தை எடுத்ததே இல்லை. பிள்ளை ‘ஐந்தில் இரண்டு’ என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். திரையில் அப்பா நிமிர்ந்து உட்காருவார். அம்மா பிள்ளையைப் பார்ப்பாள். அப்புறம், “படிக்கிற பிள்ளைதாங்க அண்ணா, சந்தேகமே இல்ல. பேஸ்தான் ரொம்ப வீக்கா இருக்கு. இப்போ விட்டா எட்டாவதுல மேத்ஸ் சுத்தமா வராது” என்பேன். அண்ணா, அக்கா என்று அழைக்கச் சொன்னது கம்பெனி. அந்த மௌனத்தை நானாகக் கண்டுபிடித்தேன். அது நன்றாக வேலை செய்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் டெமோ ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பணம் கட்டுவதில்தான் சூட்சுமம் அதிகம். கோர்ஸும் டேப்லெட்டும் சேர்த்து 36,000 ரூபாய் என்று வையுங்கள். அவ்வளவு ரொக்கம் யாரிடமும் இருக்காது. கொஞ்சம் டவுன் பேமென்ட், மிச்சம் மாதத் தவணை, வட்டி கிடையாது என்போம். ‘லோன்’ என்ற சொல் எங்கள் வாயில் வரக் கூடாது. உண்மையில் நடந்தது இது: ஒரு நிதி நிறுவனம் அந்த அப்பாவின் பெயரில் கடன் எழுதி, தன் வட்டியைக் கழித்துக்கொண்டு, மிச்சத் தொகையை ஒரேயடியாக எங்கள் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் அந்த அப்பா எங்களுக்குக் கடன்பட்டவர் இல்லை, அவர்களுக்குக் கடன்பட்டவர். பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும். கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதம் போடும், சிபில் மதிப்பெண் விழும். ஆதார், பான், கேன்சல் செய்த செக் எல்லாம் வாட்ஸப்பில் வாங்கிக்கொள்வோம். கடைசியாக ஓ.டி.பி.: யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி எஸ்.எம்.எஸ். அனுப்புகிற அதே எண். என்னிடம் வாய்விட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார்கள். டீச்சரிடம் சொல்வதற்கு என்ன?

குமாரபாளையம் பக்கத்தில் ஒரு குடும்பம். கணவன் மனைவி இருவரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பையன் ஐந்தாவது. டெமோ முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்: “பையனுக்கு நீங்கதான் எடுப்பீங்களா, டீச்சர்?”

“நான் பாத்துக்கறேங்க்கா” என்றேன்.

பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத பதில். அந்தப் பையனை அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை. வீடியோக்கள் டேப்லெட்டில் ஏற்றித்தான் வரும். பாடம் எடுக்க ஆள் கிடையாது, சந்தேகம் கேட்க ஒரு சாட் பெட்டி.

சில வாரம் கழித்து அந்த அம்மா அழைத்தார். “பையன் அதுல கேம்தான் பாக்கறானுங்க. இத நிறுத்திப் போடலாமுங்களா? மாசம் அஞ்சாந்தேதியானா பணம் எடுத்தர்றாங்க. எங்களுக்குக் கூலி வாரக்கூலிங்க, மாசக் கடைசிக்குக் கையில நிக்கறதில்லீங்க.” டவுன் பேமென்ட்டுக்குத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தப் பக்கத்து விசைத்தறிகளில் முன்பணம் என்றால், அதை அடைக்கும்வரை அந்த முதலாளியைவிட்டு வேறு தறிக்குப் போக முடியாது என்று பொருள். எங்கள் டீமில் நாமக்கல்காரன் ஒருவன் இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

ரீஃபண்டுக்கு 15 நாள் கெடு, அது தாண்டிவிட்டது. “நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்கல்லங்க டீச்சர்?” என்று கேட்டார். கம்ப்ளெயின்ட் டிக்கெட் நம்பர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒரு வாரத்தில் கூப்பிடுவார்கள் என்றேன். கூப்பிட்டு என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அவருடைய எண்ணை ‘எடுக்காதே’ என்று சேமித்துவைத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே சில எண்கள் இருந்ததால் போன் அதைத் தானாகவே காட்டியது.

2021 டிசம்பர் 23 அன்று மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தானாகப் பணம் எடுக்கும் வசதிக்குச் சம்மதிக்காதீர்கள், நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள் என்று நாங்கள் பிழைத்துக்கொண்டிருந்த வழியை எல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். மறுநாள் மீட்டிங்கில், பெற்றோர் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று டி.எல். கேட்டார். “போலிக் கம்பெனிகளுக்காகச் சொன்னதுங்க, நல்லவங்களைக் காப்பாத்தத்தான் கவர்மென்ட்டு விதி போடுதுன்னு சொல்லலாம்” என்றது நான்தான். அந்த வரியை டீம் முழுவதற்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள்.

மனசாட்சி உறுத்தி வெளியே வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. 2022இல் பள்ளிகள் வழக்கம்போல நடக்கத் தொடங்கி, முதலீட்டாளர்கள் கையை மூடிக்கொண்டதும் நாடு முழுக்க இந்தக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. ஒரு கூகுள் மீட்டில் எங்கள் டீமும் போனது. அன்று மாலைகூட எனக்கு ஒரு டெமோ இருந்தது, அது கேன்சல் ஆனதில் இன்சென்டிவ் போயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது: செயலி வழியாகக் கடன் கொடுப்பவர் முக்கிய விவரங்களை ஒரே தாளில் தர வேண்டும், அபராதமின்றி விலகிக்கொள்ள சில நாள் அவகாசமும் தர வேண்டும். அதைப் படித்தபோது குமாரபாளையத்தை நினைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மன்னிப்போடு நிற்காது, பணத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். அவர்கள் சேர்ந்ததில் எனக்கு வந்த பங்கு எவ்வளவு என்று எனக்கு ரூபாய்க் கணக்கில் தெரியும்.

இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கிறேன், சம்பளத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். பயோடேட்டாவில் ‘தொடர்ந்து டார்கெட்டைத் தாண்டியவர்’ என்ற வரியை இன்னும் எடுக்கவில்லை. போன மாதம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் பின்னம் கூட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.