இடுப்பில் தம்பி

பாம்பன் தீவுக்கு நான் போனது அமைதியைத் தேடி. திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. கீழே ஆட்டோ சத்தம், மேலே தண்ணீர் மோட்டார். ஆனாலும் கதவைச் சாத்தினால் அது என் அறை. கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்று வீட்டோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டுச் சம்பாதித்த கதவு அது. சின்னப்பாலத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தபோது, அதே அறைதான், ஜன்னலில் கடலும் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை ஜன்னலில் கடல் தெரியவில்லை. ஒன்பது தலைகள் தெரிந்தன.

"நீங்க டீச்சரா?"

"இல்லை. படம் வரைவேன்."

"அப்ப எனக்கு ஒரு பேப்பர் தாங்க டீச்சர்."

பள்ளிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, சனி ஞாயிறு முழுநாளும் வந்தார்கள். ஒருநாள் கதவைச் சாத்தி வைத்தேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா ரசத்தோடு வந்து நின்றார். "ஒத்தையில கெடக்கியேம்மா, புள்ளைக இருந்தா பொழுது போகும்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இதே வீட்டில் ஓர் ஆண் ஓவியர் தங்கியிருந்தால், 'சார் வேலை பாக்குறாரு' என்று இந்தப் பிள்ளைகளை விரட்டியிருப்பார்கள். பெண் பெற்றுக்கொள்ளவில்லை என்றால் அவள் மடி ஊருக்குப் பொது. அந்தக் கோபம் தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டேன். நான் வரைந்த கடலைப் பார்த்து ஒரு பையன், "இது ஆண் கடலா, பெண் கடலா?" என்றான். தீவின் வடக்கே பாக் விரிகுடா, அலை அடங்கிய பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். "வாடைக் காத்துல பெண் கடலும் பொங்கும்" என்று இன்னொருத்தி திருத்தினாள். நான் இரண்டுக்கும் ஒரே நீலத்தைப் பூசியிருந்தேன்.

அந்த ஆண் கடலில்தான் இவர்களுடைய அம்மாக்கள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். முகத்தில் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சை அடக்கி அவர்கள் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி, காய்ந்து, அகர் அகர் ஆகிறது. 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளில் கால் வைக்கத் தடை. பயந்துகொண்டேதான் முங்க வேண்டியிருக்கிறது.

வருகிறவர்களில் பதினோரு வயது அக்காக்காரி ஒருத்தி. இடுப்பில் எப்போதும் ஒன்றரை வயதுத் தம்பி. இடது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வரைவாள். தாளைப் பிடிக்கக் கை இல்லாததால் அவள் கோடுகள் எல்லாம் நழுவியிருக்கும்.

ஒருநாள் அந்தத் தம்பி, மை காயாத என் ஓவியத்தில் தவழ்ந்து போனான். மூன்று வார வேலை. அன்றே சட்டம் போட்டேன்: மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும் வரலாம், கைக்குழந்தையைத் தூக்கிவரக் கூடாது. மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. எனக்கு நன்றாக வேலை ஓடியது. நான்காம் நாள்தான் கேட்டேன், அவள் ஏன் வரவில்லை என்று.

"தம்பிய விட்டுட்டு எப்படி வருவா?"

என் அமைதிக்காக நான் போட்ட சட்டம், வெளியே நிறுத்தியது அவள் ஒருத்தியைத்தான். பிறகு விசாரித்தேன். அம்மா கடலுக்குப் போகும் நாட்களில் அவள் பள்ளிக்கும் போவதில்லை. தம்பிக்குப் பால்வாடி போகும் வயதில்லை. வானத்தில் நிலாவைப் பார்த்தே அவள் எப்போது பள்ளிக்கு மட்டம் போடுவாள் என்று சொல்லிவிடலாம்.

அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். தம்பியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் தாளின் மேல் வைத்து, கடலை அடியிலிருந்து வரைந்தாள்: மேலே வள்ளத்தின் வயிறு, நடுவில் தலைகீழாக அம்மா. பாசி காயப்போட்டுவிட்டு வந்த அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். "வெரல்ல துணியக் காணோமே" என்றார். அவள் விரல் விரலாகத் துணி சுற்றினாள்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஒரு பெண்ணின் கை விடுபட இன்னொரு பெண்ணின் கை கட்டப்பட்டது. இரண்டு வீடு தள்ளி நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார் பிள்ளைகளின் அப்பா. அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. நானும்தான்.

அடுத்த வாரம் போய் நின்றேன். "அண்ணே, சாயங்காலம் ஒரு மணி நேரம் தம்பியப் பாத்துக்குங்க."

சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு வலையை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எல்லா நாளும் நீட்டவில்லை. கடலுக்குப் போகும் நாள், குடித்த நாள், சும்மாவே மறுத்த நாள் எல்லாம் உண்டு. அந்த நாட்களில் நானும் அவளும் தம்பியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். அவர் வாங்கிக்கொண்ட நாட்களில் இரண்டு பேருமே வரைந்தோம்.