ஓர் ஆச்சரியக்குறி

லினக்ஸ் கணினியில் ஒருவரை வெளியே நிறுத்த ஓர் ஆச்சரியக்குறி போதும் என்றுதான் மேற்படிப்பின்போது படித்தேன். 'ஷேடோ' என்ற கோப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரது கடவுச்சொல் உருமாற்றப்பட்டு இருக்கும். அதன் முன்னால் அந்தக் குறியை இட்டால் எந்தக் கடவுச்சொல்லும் பொருந்தாது. எடுத்துவிட்டால் பழையபடி திறக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நியூஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் ஆலோசகனாக இருந்தேன். ஒருநாள் காலை 9 மணிக்கு ஆறு பெயர்கள் கொண்ட பட்டியல் வந்தது. 10.30க்கு அவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அந்த நேரத்தில் நான் அவர்கள் கணக்குகளை முடக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நான்காவது பெயர் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிக்காரர். என் முதல் குளிர்காலத்தில் கடைக்கு அழைத்துப்போய்க் கோட்டு வாங்கித் தந்தவர். எச்-1பி விசாவில் இருந்தார். வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்.

10 மணிக்கு அவரே வந்தார். "காபி குடிக்கலாமா தம்பி?" போனோம். மகளின் கல்லூரி விண்ணப்பம் பற்றிப் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

10.30க்கு முடக்கினேன். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் ஆகாது. எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் அது இல்லாமலே நுழைந்துவிடலாம். அதனால் கணக்கே காலாவதியானதாகத் தேதி இட்டேன். 'ஷெல்' இருந்த இடத்தில் 'நோலாகின்' வைத்தேன். கணக்கை அழிக்கவில்லை. அழித்தால் அவர் கோப்புகளில் பெயர் போய் வெறும் எண் நிற்கும். அந்த எண் புதிதாக வருபவருக்குக் கிடைத்தால் கோப்புகளும் அவருடையவை ஆகிவிடும்.

மறுநாள் காலை கிளைகளுக்குப் போக வேண்டிய அறிக்கை போகவில்லை. தேடிப் பார்த்தால், இரவு 2 மணிக்கு அதைத் தயாரித்துவந்த 'கிரான்' வேலை அண்ணாச்சி பெயரில் ஓடியிருக்கிறது. காலாவதியான கணக்கின் வேலையைக் கணினி ஓட்ட மறுத்துவிட்டது. அது இத்தனை நாள் யார் கைங்கரியம் என்று யாரும் கேட்டதில்லை.

அவரையே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார் மேலாளர். அண்ணாச்சி பொறுமையாக எல்லாம் சொன்னார். பிறகு கேட்டார்:

"நேத்து காபி குடிக்கும்போதே உனக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி. அந்த ஸ்கிரிப்டை உன் பேருல போடாத தம்பி. பொதுக் கணக்குல போடு. நாளைக்கு உன்னையும் பூட்டுவாங்க."

அப்படியே செய்தேன். இப்போதும் அந்த மாதிரிப் பட்டியல் வந்தால், அவர்கள் பெயரில் இரவில் என்னென்ன ஓடுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்றைக்கு யாருடனும் காபிக்குப் போவதில்லை.